வெளிக்கிட்டாச்சு

விடிய ஐந்து பன்னிரண்டுக்கு
உன் சப்பாத்து வரும்.
தூனில் ஒரு கதவடி, சாம்பல் நிறக் கால்விரிப்பு,
வெள்ளைச் சப்பாத்து ஒரு சோடி,
உள்ளே உன் கால்கள்.
அவ்வளவுதான் படம்.

ஒல்டனிலிருந்து நான்
இரும்பு மூக்கு வைத்த என் பூட்ஸை அனுப்புவேன்.

ஆடி மாசம், ஏரிக்கரையில்,
எண்ணெய் ஊறின உருளைக்கிழங்குப் பொட்டலத்துக்கு மேலே
போட்ட ஒப்பந்தம் இது, ஜெனுஷா:
அறிவுரை கூடாது.
சூரியன் உதிக்கிற படத்தில் வாசகம் கூடாது.
"எப்பிடி இருக்கிறாய்?" கூடவே கூடாது,
பொய் சொல்ல வேண்டி வரும்.
சப்பாத்து மட்டும். காலோடு.
"கால் இல்லாட்டி செல்லாது" என்றாய்,
கையெழுத்தில்லாத காசோலையைச் சொல்வதுபோல்.
வங்கியில் மூன்று வருசம் இருந்தவள்தானே.

இப்போது முதியோர் இல்லத்தில்
ஒருவர் தினமும் கேட்கிறாராம்,
"நீங்கள் புதிசா?"
ஓம் என்கிறாயாம்.
ஏழு கிழமையாக அது உண்மைதான் என்றாய்.

நான் பேர்னில் கணக்கில் இரண்டு தரம் விழுந்தவன்.
மூன்று வரிக் கடிதம் ஒன்று வந்தது,
அதில் ஒரு வரி வாழ்த்து.
இருபத்தொரு வயதில் தண்டவாளத் தொழில் பழக வந்தேன்,
பதினாறு வயதுப் பிள்ளைகளோடு.
முதல் நாள் லூக்கா என்னை "நீங்கள்" என்றான்,
வாத்தியார் என்று நினைத்து.
அப்பா கல்யாண வீடுகளில் இன்னும்
"மகன் படிக்கிறார்" என்கிறார்.
பொய்யில்லை.
சல்லிக்கல் படிக்கிறேன். மரையாணி படிக்கிறேன்.

ஐப்பசி நடுவில் ஆரே ஆறு
ஊரை மூடத் தொடங்கும்.
எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் புகார்.
சென்னைப் படங்கள் பார்த்துத்தான் தெரிந்தது,
முறைப்பாட்டுக்கும் அதே சொல் என்று.
ஒல்டனில் இரண்டும் ஒன்றுதான்.
மாசி வரைக்கும்
யார் மேல் என்று தெரியாத ஒரு புகார்.

அதற்குள் ஒரு செவ்வாய்
ஐந்து பன்னிரண்டுக்குப் படம் இல்லை.
ஐந்து இருபத்தொன்றுக்கு வந்தது.
சப்பாத்து இரண்டும் ஒருக்களித்துப் படுத்திருந்தன.
கால் இல்லை.

"உன்னால முடியும்" என்று தட்டினேன். அழித்தேன்.
"என்ன நடந்தது?" அழித்தேன்.
"நானும் அப்பிடித்தான்..."
அது உண்மை. அதையும் அழித்தேன்.
பூட்ஸைக் கழற்றினேன். காலுறையையும்.
குளியலறைத் தரையில்
புது பூட்ஸ் கடித்துக் கறுத்த நகத்தோடு
என் வெறுங்காலைப் படம் பிடித்து அனுப்பினேன்.
செல்லாததற்குச் செல்லாதது.

யன்னலுக்குக் கீழே என் பஸ் போகிற சத்தம்.

ஐந்து நாற்பதுக்கு எழுதினாய்:
"ஒண்டு போட்டுட்டன்."
"எது?"
"இடது."
"மற்றதை பஸ்ஸில போடு."
சிரித்த முகம் ஒன்றும் வரவில்லை.
ஐந்து ஐம்பத்திரண்டுக்கு ஒரு சொல் வந்தது.
வெளிக்கிட்டாச்சு.

உடுப்பு மாற்றினாலும் அதுதான் சொல்.
தொண்ணூற்றாறில் அம்மா ஊரை விட்டதற்கும்
சனிக்கிழமை மிக்ரோஸுக்குப் போவதற்கும்
எங்களிடம் ஒரே வினைதான் இருக்கிறது.

நாற்பது நிமிசம் பிந்திப் போனேன்.
ரெட்டோ மணிக்கூட்டைப் பார்த்தார்,
மண்வெட்டியை நீட்டினார்.
தண்டவாளம் பிரிகிற இடத்தில்
இரும்பு ஆவி விட்டுக்கொண்டிருந்தது.
கையுறையைக் கழற்றித் தொட்டேன். சூடு.
"குளிருக்கு இங்கே மட்டும்தான் சூடேற்றுவார்கள்" என்றான் லூக்கா.
"நேர்ப்பாதைக்குத் தேவையில்லை.
திரும்புகிற இடம்தான் உறையும்."
சொல்லிவிட்டுத் தன் பாணைக் கடித்தான்.

உனக்கு எழுத நினைத்தேன்.
அறிவுரை மாதிரி இருந்தது.
விட்டுவிட்டேன்.

புதன், ஐந்து பன்னிரண்டு.
கால்விரிப்பு, சப்பாத்து, உள்ளே கால்கள்.
இடதில் நாடா கட்டவில்லை.
நாடாவைப் பற்றி
ஒப்பந்தத்தில் ஒன்றும் இல்லை.